வாசனை எண்ணெயை வாளித் தண்ணீரில் விடாதீர்கள்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கணவருக்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. ராத்திரி வந்தால் முதுகும் தோளும் வலி என்பார். மாமியாருக்கு மூட்டு வலி. அவருக்கு இதய வால்வு மாற்றும் ஆபரேஷன் நடந்து, ரத்தம் உறையாமல் இருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ஏழு மாதக் குழந்தையும் இருக்கிறது. எல்லோருக்கும் வீட்டிலேயே குளியல் எண்ணெயும் மசாஜ் எண்ணெயும் செய்யலாம் என்று பாரிமுனைப் பக்கம் போய் நீலகிரித் தைலம், எலுமிச்சைப்புல் எண்ணெய், லாவெண்டர், மல்லிகை, சந்தனம் எல்லாம் சின்ன பாட்டில்களில் வாங்கி வந்தேன். வீடியோவில் சொன்னபடி ஒரு வாளி வெந்நீரில் நீலகிரித் தைலம் 10 சொட்டு, எலுமிச்சைப்புல் 5 சொட்டு விட்டுக் குளித்தேன். கழுத்தும் அக்குளும் தீயாக எரிந்து சிவந்துவிட்டன. வாளிக்கு எத்தனை சொட்டு விட்டால் எரியாது? குழந்தைக்கு எவ்வளவு விடலாம்? நன்றாக வந்தால் அக்கம்பக்கத்தில் விற்கவும் ஆசை.
ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் எரிச்சலைக் கவனிப்போம். சிவந்த இடத்தில் ஒரு வாரம் எந்த வாசனைப் பொருளும் வேண்டாம். பவுடர், சென்ட், மஞ்சள், வாசனை சோப்பு எதுவும் படக்கூடாது. வெறும் தேங்காய் எண்ணெய் மட்டும் மெல்லத் தடவுங்கள். கொப்புளம் வந்தாலோ, நீர் வடிந்தாலோ, சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டிவிடுங்கள். என்ன எண்ணெய் பட்டது என்று கேட்பார்கள், அந்த பாட்டில்களையும் கையோடு எடுத்துப் போங்கள். இனி எப்போதாவது நேரடியாகத் தோலில் பட்டு எரிந்தால், தண்ணீரை ஊற்றித் தேய்க்க வேண்டாம். கொஞ்சம் சமையல் எண்ணெயைத் தடவித் துணியால் துடைத்து எடுங்கள், அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, டாக்டரிடம் போக வேண்டும்.

வாளிக்கு எத்தனை சொட்டு என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு சொட்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணம், இந்த எண்ணெய்கள் தண்ணீரில் கரையாது. ரசத்தின் மேல் தாளிப்பு எண்ணெய் மிதப்பதுபோல வாளியின் மேல்மட்டத்தில் படலமாக நிற்கும். நாம் சொம்பில் மொள்வதும் மேலிருந்துதான். ஆக, நீங்கள் 20 லிட்டர் தண்ணீரில் கலந்து குளிக்கவில்லை. நீர்க்காத நீலகிரித் தைலத்தையும் எலுமிச்சைப்புல் எண்ணெயையும் முதல் சில சொம்புகளிலேயே உடம்பில் ஊற்றிக்கொண்டீர்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் தோல் மெல்லிய, மடிப்பான இடங்கள். அங்கே போய்த் தங்கிவிடும். வெந்நீர் என்பதால் எரிச்சல் இன்னும் கூடியிருக்கும். சொட்டைக் குறைத்தாலும் இதே கதைதான், எரியும் இடம் மட்டும் சின்னதாகும். பாலில் கலந்து விடு, உப்பில் கலந்து விடு என்றும் சிலர் சொல்கிறார்கள். உப்பு கரைந்து போகும், எண்ணெய் மேலே வந்து நிற்கும். பாலில் இருக்கிற கொழுப்பும் அதைப் பிடித்துவைக்கப் போதாது.

குளியலில் வாசனை வேண்டும் என்றால், வாசனை சேர்க்காத பாடி வாஷ் ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து, அதில் 3 சொட்டு லாவெண்டர் விட்டு நன்றாகக் கலந்து, உடம்பில் தேய்த்துக் கழுவிவிடுங்கள். சோப்புப் பொருள் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் உங்கள் வீட்டுக்கு அதைவிட நல்ல வழி கைவசமே இருக்கிறது. செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு, புதன், சனி ஆண்களுக்கு என்று நாள் வைத்துச் செய்த எண்ணெய்க் குளியல்தான் அது. எண்ணெயை முதலில் உடம்பில் தேய்த்து, ஊறவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றுகிறோம். வாசனை எண்ணெய்க்கு ஏற்ற முறையும் இதுதான். நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ அது முழுதாகக் கரைந்து நீர்த்துப்போகும், தோலில் ஓர் இடத்தில் குவியாது. குளியல் எண்ணெய், மசாஜ் எண்ணெய் என்று இரண்டு பாட்டில் தனித்தனியாகச் செய்யவும் தேவையில்லை. ஒன்றே போதும்.

அடிப்படை எண்ணெய்க்கு எங்கும் அலைய வேண்டாம். மசாஜுக்கு என் முதல் தேர்வு நல்லெண்ணெய். அதில் இயற்கையாகவே இருக்கும் செசமால் போன்ற பொருட்களால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது, கையில் நன்றாக வழுக்கும். செக்கு நல்லெண்ணெயின் வாசனை பலமாக இருந்தால் பாதிக்குப் பாதி சூரியகாந்தி எண்ணெய் சேருங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லதுதான். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால்தான் உறையும் என்பதால், மார்கழி விடியற்காலை தவிர நம் ஊரில் அந்தத் தொல்லை இருக்காது. விளக்கெண்ணெய் பிசுபிசுப்பு அதிகம், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் நல்லெண்ணெயை விட்டுவிடுங்கள்.

மிளகு, சீரகம் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் உங்கள் வீட்டு வழக்கம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் எண்ணெய் அடுப்பில் இருக்கும்போதோ, சூடாக இருக்கும்போதோ வாசனை எண்ணெயை விடக்கூடாது. இவை ஆவியாகிவிடும் பொருட்கள். வாசனை பாதி பறந்துவிடும் என்பது சின்ன நஷ்டம். நீலகிரித் தைலத்தின் ஆவி தீப்பற்றும் என்பதுதான் பெரிய ஆபத்து. இறக்கி, வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறிய பிறகு, அடுப்பிலிருந்து தள்ளி வைத்துக் கலக்குங்கள்.

இனி அளவு. டிராப்பர் மூடியில் 20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லி. பெரியவர்களின் உடம்புக்கு 2 சதவீதம் உச்ச அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி எண்ணெய்க்கு 40 சொட்டு. இது எல்லா வாசனை எண்ணெயும் சேர்ந்த கணக்கு, ஒவ்வொன்றும் 40 இல்லை. வயதானவர்களுக்கும் தோல் மென்மையானவர்களுக்கும் 1 சதவீதம், அதாவது 20 சொட்டு. முகத்துக்கும் தலைக்கும் வாசனை எண்ணெய் வேண்டாம். வழிந்து கண்ணுக்குள் போகும். சொட்டைக் கூட்டினால் வலி சீக்கிரம் போகும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். கூடுவது ஒவ்வாமைதான், ஒரு தடவை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். அப்புறம் அந்த வாசனை கலந்த சோப்பு, ஷாம்பு, தைலம் எதைத் தொட்டாலும் அரிக்கும். தினமும் மற்றவருக்குத் தேய்த்துவிடுகிறவரின் கைகளுக்கும் இது வரும். அதனால்தான் இந்த எண்ணிக்கையில் நான் கறாராக இருக்கிறேன்.

உங்கள் கணவருக்கு 100 மில்லி நல்லெண்ணெயில் லாவெண்டர் 20 சொட்டு, நீலகிரித் தைலம் 15, எலுமிச்சைப்புல் 5. எலுமிச்சைப்புல்லில் சிட்ரால் என்ற பொருள்தான் பெரும்பங்கு, தோலைச் சட்டென்று தூண்டிவிடும். எனவே அந்த 5 சொட்டைத் தாண்ட வேண்டாம். நீங்கள் தொட்டுத் தேய்க்கப் போகிறீர்கள், உங்களுக்கு இப்போது எரிச்சல் வேறு வந்திருக்கிறது. முழுதாக ஆறும்வரை அவருக்கும் வெறும் நல்லெண்ணெயே போதும். ஆறிய பிறகு கலந்த எண்ணெயில் ஒரு சொட்டை உங்கள் முழங்கை மடிப்பின் உள்பக்கத்தில் தினம் ஒரு முறை நான்கு நாள் தடவிப் பாருங்கள். அவரையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். ஒவ்வாமை உடனே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்தும் வரும். உங்களுக்கு அரித்தால் எலுமிச்சைப்புல்லை முதலில் நீக்குங்கள்.

எண்ணெயின் வேலையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மூட்டை தூக்கி இறுகிப்போன தசையைத் தளர்த்துவது பெரும்பாலும் கையின் அழுத்தமும் சூடும் ஓய்வும்தான். வாசனை மனதுக்கு இதமாக இருக்கும், நீலகிரித் தைலம் குளிர்ச்சியான ஓர் உணர்வைத் தரும், அவ்வளவுதான். முதுகெலும்பின் மேலேயே அழுத்தாமல் அதன் இரு பக்கமும் உள்ளங்கையால் கீழிருந்து மேலாக 15 நிமிடம் தேய்த்துவிடுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ மசாஜை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அங்கே யாருக்கும் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டு இருக்கலாம்.

மாமியாருக்கு வருவோம். அவர் சாப்பிடும் வார்ஃபரினை நீங்கள் குறிப்பிட்டு எழுதியது மிக நல்ல காரியம். கடையில் மூட்டு வலிக்கு என்று கேட்டால் வின்டர்கிரீன் எண்ணெயை எடுத்துக் கொடுக்கக்கூடும். ஊட்டிக்குப் போனவர்கள் கோல்தேரியா தைலம் என்று வாங்கி வருவதும் இதுதான். இதில் கிட்டத்தட்ட முழுதும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள். தோல் வழியாகவே உள்ளே போய் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி, ரத்தக் கசிவை உண்டாக்கும். அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அவர் இப்போது தேய்க்கும் வலி மருந்தின் பெட்டியிலும் மெத்தில் சாலிசிலேட் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் இதய டாக்டரிடம் சொல்லுங்கள். கிராம்பு எண்ணெயும் அவருக்கு வேண்டாம்.

அவருக்கு வெறும் நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தேய்த்தாலே நல்லது. வாசனை வேண்டும் என்று ஆசைப்பட்டால் 100 மில்லிக்கு லாவெண்டர் 12 சொட்டு, நீலகிரித் தைலம் 8 சொட்டு. வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அழுத்தித் தேய்த்தால் தோலுக்கடியில் ரத்தம் கட்டி நீலம் பாயும், அதனால் தடவுவதுபோல மெல்லத் தேய்க்க வேண்டும். குளித்து முடித்ததும் பாத்ரூம் தரையைச் சீயக்காய்த் தூளோ சோப்புத் தூளோ போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். போர் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, எண்ணெய் தரையில் படிந்தே இருக்கும். அவர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குழந்தை விஷயத்தில் நான் சொல்வதை உங்கள் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள். ஏழு மாதக் குழந்தைக்கு எந்த வாசனை எண்ணெயும் ஒரு சொட்டுகூட வேண்டாம். இரண்டு வயது முடியும்வரை இதே விதி. சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கும் பழக்கம் வடசென்னையில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அன்போடு செய்வதுதான், ஆனால் கற்பூரம் குழந்தையின் மெல்லிய தோல் வழியாக ரத்தத்தில் கலந்து வலிப்பை உண்டாக்கும். வாய்க்குள் போனால் ஒரு கிராமே உயிருக்கு ஆபத்து. சின்ன கற்பூரக் கட்டி ஒன்று அதற்குக் கிட்டே வந்துவிடும். பூஜைக் கற்பூரம், பச்சைக் கற்பூரம் இரண்டுக்கும் இது பொருந்தும். நீலகிரித் தைலம் ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக உள்ளே போனாலே குழந்தைகள் மயங்கி வலிப்பு கண்டிருக்கிறார்கள். புதினா உப்பு என்று சொல்லும் மென்தால் மூக்கருகில் பட்டால் பச்சைக் குழந்தைக்கு மூச்சு அடைத்துக்கொள்ளும்.

அப்படியானால் குழந்தைக்கு எண்ணெயே தேய்க்கக் கூடாதா? தாராளமாகத் தேய்க்கலாம். தேங்காய் எண்ணெய் அருமையானது, சூரியகாந்தி எண்ணெயும் நல்லது. கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் குழந்தையின் தோல் தடுப்பைப் பலவீனமாக்குபவை, அவற்றைத் தவிருங்கள். பால் குடித்து அரை மணி நேரம் கழித்து, காற்று வீசாத இடத்தில், உங்கள் கால்மேல் போட்டு மெல்லத் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கத்தை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும், அதைக் குணப்படுத்துவது மிகவும் கடினம். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ குழந்தைகள் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பாட்டில்கள் எங்கே இருக்கின்றன? குழந்தை தவழத் தொடங்கும் வயது. தையல் மெஷின் மேசையிலோ ஜன்னல் திட்டிலோ இருந்தால் இப்போதே எடுத்துப் பூட்டு உள்ள அலமாரியில் வையுங்கள். ஒருவேளை குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழைத்து, பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீங்கள் வாங்கிய மல்லிகையும் சந்தனமும் பற்றி ஒரு சந்தேகம். மல்லிகைப் பூவை ஆவியில் வடித்து எண்ணெய் எடுக்க முடியாது, சூட்டில் அந்த மணம் கெட்டுவிடும். கரைப்பான் கொண்டுதான் பிரித்தெடுக்கிறார்கள், சில மில்லிக்கே ஏராளமான பூ வேண்டும். சந்தனம் பல ஆண்டு வளர்ந்த மரத்தின் நடுவைரத்திலிருந்து வருவது. நீங்கள் வாங்கிய ஐந்து பாட்டிலும் ஏறக்குறைய ஒரே விலை என்றால், மல்லிகையும் சந்தனமும் செயற்கை சென்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊதுவத்திக்கும் அறை வாசனைக்கும் செய்த கலவை உடம்புக்கு ஆகாது. நல்ல பாட்டிலில் தாவரத்தின் அறிவியல் பெயர், எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது, தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கும். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பார்க்கலாம். நீலகிரித் தைலமும் லாவெண்டரும் மறுநாள் எண்ணெய்க் கறை விடாமல் பறந்திருக்க வேண்டும். கறை நின்றால் மலிவான எண்ணெய் கலந்திருக்கிறது. செயற்கை சென்டை இந்தச் சோதனை பிடிக்காது, அதற்கு லேபிள்தான் துணை.

எலுமிச்சை எண்ணெய் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. தோலைப் பிழிந்து எடுத்த எலுமிச்சை எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகிக் கறுத்துவிடும். நாள் முழுக்கத் திறந்தவெளியில் வேலை செய்யும் உங்கள் கணவருக்கு அது ஏற்றதே இல்லை.

சேமிப்புக்கு அடர்நிறக் கண்ணாடி பாட்டில் வேண்டும். வாசனை எண்ணெய் பிளாஸ்டிக்கை அரிக்கும். பழைய மருந்து பாட்டில் என்றால் வெந்நீரில் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவைத்து நிரப்புங்கள். ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக்கூடாது. பச்சை இலை, செம்பருத்தி, கற்றாழை எதையும் பச்சையாக உள்ளே போடக்கூடாது, ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். காய்ச்சிச் சேர்ப்பதாக இருந்தால் நம் தைலக்காரர்களின் சோதனையைச் செய்யுங்கள். எண்ணெயில் நனைத்த திரியைக் கொளுத்தினால் சடசடக்காமல் எரிய வேண்டும், சடசடத்தால் இன்னும் நீர் இருக்கிறது. ஷீட் கூரை வீட்டில் மத்தியானச் சூடு வாசனை எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். காற்றுபட்டுக் கெட்டுப்போன லாவெண்டர்தான் புதிய லாவெண்டரைவிட அதிகம் ஒவ்வாமை தரும். ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தால், கதவில் குழந்தைக்கு எட்டாத மேல்தட்டில், பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். கலந்த எண்ணெயை 100 மில்லிக்கு மேல் செய்யாமல், தேதி எழுதி இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கடைசியாக விற்பனை. சொந்தமாகச் சம்பாதிக்க நினைப்பது நல்ல விஷயம், ஆனால் இதில் சட்டம் இருக்கிறது. உடம்பில் தடவும் எண்ணெயைச் செய்து விற்க 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தயாரிப்பு உரிமம் வேண்டும். அதற்குத் தனி இடம், தகுதியுள்ள ஆள், பரிசோதனை எல்லாம் கேட்பார்கள், சமையலறையில் செய்து தர முடியாது. மூட்டு வலி போகும், சளி போகும் என்று லேபிளில் எழுதிவிட்டால் அது மருந்தாகிவிடும், மருந்துக்கான உரிமம் தனி. உரிமம் உள்ள ஒரு தயாரிப்பாளரிடம் உங்கள் பெயரில் செய்து வாங்கி விற்பது இன்னொரு வழி, அதற்குக் கொஞ்சம் முதல் வேண்டும். இப்போதைக்கு உங்கள் தையல் மெஷினையே நம்புங்கள். பக்கத்து வீட்டுக்கு அன்பாக ஒரு பாட்டில் கொடுப்பதாக இருந்தால், அதில் சேர்த்த எல்லாவற்றின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். கொடுக்கும் முன் அந்த வீட்டில் கர்ப்பிணி, வலிப்பு உள்ளவர், ஆஸ்துமா உள்ளவர், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் அவர்களுக்கு வெறும் செக்கு நல்லெண்ணெய் பாட்டிலைக் கொடுங்கள்.